செல்ஃப் எடுக்காத கதை

காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வண்டி செல்ஃப் எடுக்காது. மெக்கானிக்குக்கு போன் போட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சத்தம் எப்படி சார் வருது?" 'டக டக டக' என்று விடாமல் அடிக்கிறது என்றால் வரும்போதே வேறு ஒரு பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வருவார். 'டொக்' என்று ஒரே ஒரு அடியோடு அடங்கிவிடுகிறது என்றால் ஸ்பேனர் போதும். உள்ளே ஏதோ 'ங்ர்ர்ர்' என்று சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் அசையவில்லை என்றால், "செல்ஃபைக் கழட்டணும் சார், சாயங்காலம் ஆயிடும்." சத்தமே இல்லையா? "ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு மறுபடி சாவியைத் திருப்புங்க. வெளிச்சம் என்ன ஆகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றாமல் போவது வேறு வியாதி. அதற்கு பெட்ரோலையும் பிளக்கையும் பார்க்க வேண்டும். இது சுற்றவே மறுக்கும் இன்ஜினின் விஷயம். வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பாதிப் பழுதைச் சொல்லிவிடும் அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு தவளை, ஒரு செருப்புத் தைப்பவர், ஒரு கல்லாப்பெட்டி, ஒரு சைக்கிள் பிரேக் கம்பெனி எல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். இன்று மெக்கானிக் தட்டியும் சுரண்டியும் பார்க்கும் ஒவ்வோர் இடமும், என்றோ யாரோ கேட்டு வாங்கிய ஒரு வசதிதான்.

தவளையில் தொடங்குவோம். 1780களில் இத்தாலியின் பொலோன்யா நகரில் லூயிஜி கால்வானி அறுத்து வைத்த தவளைக்கால், இரண்டு வேறு உலோகங்கள் பட்டதும் துள்ளியது. மின்சாரம் தவளைக்குள் இருக்கிறது என்றார் அவர். இல்லை, அந்த இரண்டு உலோகத்தில் இருக்கிறது என்று மல்லுக்கு நின்றார் பாவியா பல்கலைக்கழகத்தின் அலெஸாண்ட்ரோ வோல்டா. வாதத்தில் ஜெயிக்க அவர் 1800-இல் கட்டிய அடுக்குதான் முதல் பேட்டரி: வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, நடுவில் உப்புநீரில் நனைத்த துணி, மறுபடி வெள்ளி. அளக்கக் கருவி இல்லாத காலம் என்பதால் வோல்டா நாக்கை வைத்துப் பார்த்தார். சதுர பேட்டரியை நக்கிப் பார்த்து 'உயிர் இருக்கு' என்று சொல்லும் நம் பையன்கள் பின்பற்றுவது வோல்டாவின் பரிசோதனை முறைதான். கார் பேட்டரியில் மட்டும் யாரும் இதை முயல வேண்டாம். அங்கே கசிவது அமிலம்.

அடுத்து வருபவர் வில்லியம் ஸ்டர்ஜன். இங்கிலாந்தின் லங்காஷயரில் செருப்புத் தைக்கும் தொழிலுக்கு விடப்பட்டு, அது பிடிக்காமல் ராணுவத்தில் சேர்ந்த மனிதர். பீரங்கிப் படையில் இருந்தபடியே தானாகப் படித்துத் தேறினார். 1824-இல் லாடம் போல வளைத்த ஓர் இரும்புத் துண்டுக்கு வார்னிஷ் பூசி, அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றி மின்சாரம் பாய்ச்சினார். இருநூறு கிராம் எடைகூட வராத அந்த இரும்பு நான்கு கிலோவைத் தூக்கியது. மின்சாரத்தை நிறுத்தியதும் கீழே போட்டது. அதோடு விடாமல், 1832-இல் சுற்றச் சுற்ற மின்சாரத்தின் திசையை மாற்றிவிடும் கம்யூட்டேட்டர் வைத்த மோட்டாரையும் செய்து காட்டினார். உங்கள் வண்டியின் செல்ஃபைப் பிரித்தால் உள்ளே இருக்கும் முக்கியமான சாமான்கள் இரண்டு. 'டொக்' என்று இழுக்கும் சோலனாய்டு ஒன்று, கார்பன் பிரஷ் உரசிக்கொண்டு சுற்றும் ஆர்மேச்சர் இன்னொன்று. இரண்டுக்கும் மூதாதை இந்த ஒரே மனிதரின் மேஜையில் பிறந்தது. காசு பார்க்கத் தெரியாத ஸ்டர்ஜன் 1850-இல் வறுமையில் இறந்தார்.

அதே காலத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியார்க் ஓம், 1827-இல் ஒரு புத்தகம் போட்டார். கம்பியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அதற்கேற்ப அழுத்தம் இறங்கும் என்பதுதான் சாரம். அந்த நாட்டுப் பெரியவர்கள் அதைச் சீந்தவில்லை, மனிதர் வேலையையே விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் பதக்கம் கொடுத்த பிறகுதான் சொந்த நாட்டில் அவருக்கு மரியாதை வந்தது. பேட்டரி புதிது, செல்ஃப் புதிது, ஆனாலும் வண்டி எடுக்கவில்லை என்ற புதிரை அவிழ்ப்பது இந்த வாத்தியார்தான். கார் செல்ஃப் சுற்றும்போது 200 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். நடுவில் ஒரு டெர்மினலில் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், பெருக்கிப் பாருங்கள், 2 வோல்ட் அங்கேயே காலி. வீட்டு பல்புக்கு ஒரு பொருட்டே இல்லாத அந்தத் தடை இங்கே வண்டியையே நிறுத்திவிடும்.

ஓமின் கணக்கை முதலில் காசாக்கியவர்கள் தந்திக்காரர்கள். 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட கேபிளில் செய்தி சரியாகப் போகவில்லை என்று வைல்ட்மன் வைட்ஹவுஸ் என்பவர் ஏறத்தாழ 2,000 வோல்ட் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்களில் கேபிள் செத்துப்போனது. அந்தப் பட்டறிவுக்குப் பிறகு கரையில் உட்கார்ந்துகொண்டே தடையை அளந்து, 'இத்தனையாவது மைலில் பழுது' என்று சொல்லும் நிபுணர்கள் உருவானார்கள். 1870களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடிக் கேபிள் போனபோது அதே அளவுப் பெட்டிகளும் இங்கே வந்து இறங்கின. பழுது இருக்கும் இடத்தைத் தொடாமலே அளந்து பிடிப்பது அங்கே தொடங்கிய பழக்கம்.

பேட்டரி மட்டும் இன்னும் சவலைப் பிள்ளையாகவே இருந்தது. தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். 1859-இல் பிரான்ஸின் காஸ்டன் ப்ளான்டே இரண்டு ஈயத் தகடுகளைப் பாய் போலச் சுருட்டி கந்தக அமிலத்தில் முக்கினார். தீர்ந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஈயத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது: கேட்டால் ஒரே மூச்சில் கொட்டிக் கொடுத்துவிடும். 1881-இல் கமீ ஃபோர் என்பவர் தகட்டின்மேல் ஈய ஆக்சைடு பசையைத் தடவி அந்தத் திறனை இன்னும் கூட்டினார். காருக்காக யாரும் இதைச் செய்யவில்லை, காரே அப்போது கிடையாது. ஆனால் ப்ளான்டேக்கு ஐம்பது வருடம் கழித்து வரப்போகும் ஒரு தேவைக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்துவிட்டது. இன்றும் பானெட்டைத் திறந்தால் இருப்பது ப்ளான்டேயின் ஈயமும் அமிலமும்தான்.

கார்ல் பென்ஸ் 1886-இல் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றபோது அதில் செல்ஃபும் இல்லை, ஹேண்டிலும் இல்லை. பின்னால் படுக்கையாக இருந்த பெரிய ஃப்ளைவீலைக் கையாலேயே சுற்றிவிட வேண்டும். 1888-இல் அவர் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். மின்கம்பி தேய்ந்து உரசியபோது காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். உலகின் முதல் ரோட்டோர மெக்கானிக் என்று அவரைத் தாராளமாகச் சொல்லலாம்.

பிறகு வந்தது ஹேண்டில் காலம். கார் மூக்கில் இருக்கும் துளையில் இரும்புத் தண்டைச் செருகி, குனிந்து, மேல்நோக்கி ஒரே இழுப்பு. பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக மடக்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். காரணம், தீப்பொறி முன்கூட்டியே விழுந்துவிட்டால் இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும். ஹேண்டில் திரும்பி வந்து மணிக்கட்டை முறிக்கும். இப்படி முறிந்த கைகள் எத்தனை வந்தன என்றால், மணிக்கட்டில் ஒரு குறிப்பிட்ட எலும்பு உடைவதற்கு மருத்துவப் புத்தகத்தில் டிரைவரின் பெயரையே வைத்துவிட்டார்கள். நம் ஊரிலும் பழைய லாரி, பஸ்ஸில் ஹேண்டில் போடுவது கிளீனரின் வேலை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அதட்டுவார், உதை வாங்குவது கீழே நிற்பவர்.

இதற்கு மாற்று தேடாதவர்கள் இல்லை. ஸ்பிரிங்கை முறுக்கி வைத்துப் பார்த்தார்கள். காற்றை அடைத்துவைத்துச் சிலிண்டருக்குள் ஊதினார்கள். அசிட்டிலீன் வாயுவை உள்ளே விட்டுக் கொளுத்தினார்கள், துணிச்சல்தான். மின்மோட்டாரும் புது யோசனை இல்லை. 1896-இலேயே இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், பென்ஸைப் பார்த்துச் செய்த ஆர்னால்ட் காரில் டவ்சிங் என்ற மின் பொறியாளர் ஒரு மோட்டாரை ஃப்ளைவீலோடு இணைத்தார். அது இன்ஜினைக் கிளப்பும், மேட்டில் ஏறும்போது கைகொடுக்கும், ஓடும்போது பேட்டரியையும் ஏற்றும். காலத்துக்கு முன்னால் வந்துவிட்டதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. இந்த டவ்சிங்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த இடத்தில் டெட்ராய்டில் காலங்காலமாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. பைரன் கார்ட்டர் என்ற கார் உற்பத்தியாளர், பெல் ஐல் பாலத்தில் வண்டி நின்றுபோய்த் தவித்த ஒரு பெண்ணுக்கு உதவப் போய் ஹேண்டில் அடித்தார், அது தாடையில் உதைத்தது, அந்தக் காயமே அவரைக் கொண்டுபோனது, அது கேடிலாக் கார் என்பதால் அதன் முதலாளி ஹென்றி லீலாண்ட் மனம் நொந்து 'இனி என் காரில் ஹேண்டிலே கூடாது' என்று சபதம் எடுத்தார் என்பது கதை. கார்ட்டர் 1908-இல் நிமோனியாவில் இறந்தது உண்மை. மற்றதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மெருகு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் வழக்கு தீரவில்லை. சபதம் இல்லாமல் பெரிய கண்டுபிடிப்பு நடந்தால் நமக்கும்தான் ருசிப்பதில்லை.

லீலாண்ட் நாடிய ஆள் சார்லஸ் கெட்டரிங். ஒஹாயோவின் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். கடைகளில் கல்லாப்பெட்டியை இயக்கக் கையால் சுற்ற வேண்டியிருந்ததை மாற்றி, அதற்கு ஒரு சின்ன மின்மோட்டார் வைத்தவர் அவர். நண்பர் எட்வர்ட் டீட்ஸ் வீட்டுக் கொட்டகையில் சக பொறியாளர்களோடு ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வேலை செய்தார். அதிலிருந்து பிறந்த கம்பெனிதான் டெல்கோ.

காருக்கும் மின்மோட்டார் வைப்பதில் அன்றைய நிபுணர்களின் ஆட்சேபம் நியாயமானதுதான். இன்ஜினைச் சுற்றக்கூடிய மோட்டார் இன்ஜின் அளவுக்குப் பெரிதாக இருக்கும், பேட்டரி அதைவிடப் பெரிதாக இருக்கும், பயணி எங்கே உட்காருவது? கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி கற்றுக்கொடுத்திருந்தது வேறு. டிராயர் திறக்க மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டாம், ஒரு நொடி ஓடினால் போதும். ஒரு நொடிதான் என்றால் சின்ன மோட்டாருக்குள் அளவுக்கு மீறிய மின்சாரத்தைத் திணிக்கலாம். சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். சாவியைப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், விட்டு ஓரிரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி திருப்புங்கள் என்று மெக்கானிக் திட்டுவது இதற்காகத்தான். நீங்கள் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருப்பது, சில நொடி உழைப்புக்கென்று செய்த ஒரு பொருளை.

1911 பிப்ரவரியில் கேடிலாக்கில் செல்ஃப் ஓடிக் காட்டியது. 1912 மாடலில் செல்ஃப், மின்விளக்கு, பற்றவைப்பு மூன்றும் ஒரே அமைப்பாக வந்தன. அதில் ஒரே இயந்திரம்தான் மோட்டாராக இன்ஜினைக் கிளப்பிவிட்டு, பிறகு ஜெனரேட்டராக மாறி பேட்டரியை ஏற்றியது. அதற்குப் பரிசாக லண்டனிலிருந்து டூவர் கோப்பை வந்தது. அதே 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடிக்கல் நாட்டிக்கொண்டிருந்தார். டேட்டனும் மதுரையும் ஒன்றையொன்று அறியாது. ஐம்பது வருடம் கழித்து இரண்டு கதையும் சென்னைப் பாடியில் சந்திக்கும்.

கேடிலாக் செய்ததும் மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆளுக்கொரு செல்ஃப் செய்தார்கள், ஆளுக்கொரு வழக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தலைவலி இருந்தது. செல்ஃபின் பல்சக்கரம் ஃப்ளைவீலின் ரிங் கியரில் கடித்துச் சுற்ற வேண்டும். இன்ஜின் பற்றிய மறுகணம் விலகியும் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் வேகம் செல்ஃபைச் சிதறடித்துவிடும். இதைத் தீர்த்தவர் வின்சென்ட் பெண்டிக்ஸ். திருகுமரை போட்ட தண்டில் பல்சக்கரத்தை லூசாக மாட்டினார். மோட்டார் சட்டென்று சுற்றினால் பல்சக்கரம் தன் சோம்பலால் பின்தங்கி, மரையில் ஏறி முன்னே போய்க் கடிக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே மரையில் பின்னால் உருண்டு வந்துவிடும். செய்து தர அவர் பிடித்த கம்பெனி நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில் சைக்கிள் பிரேக் செய்துகொண்டிருந்த எக்லிப்ஸ். 1914-இல் ஷெவர்லேயில் ஏறிய அந்தச் சாமான், சில வருடங்களில் ஊரெல்லாம் பரவியது. கோடீஸ்வரரான பெண்டிக்ஸ் 1939-இல் திவாலானார். சென்னைப் புதுப்பேட்டைக் கடையில் இன்றும் அவர் பெயரைச் சொன்னால்தான் பல்சக்கரம் எடுத்துத் தருவார்கள்.

ஜெர்மனியின் ராபர்ட் போஷ் வேறு வழியில் போனார். காந்தப் பொறி விற்றுப் பெயர் எடுத்த அவர், செல்ஃப் தனக்கும் வேண்டும் என்று 1914-இல் அமெரிக்காவின் ரஷ்மோர் கம்பெனியையே விலைக்கு வாங்கினார். வாங்கிய கையோடு உலகப்போர் வந்தது, அமெரிக்காவில் இருந்த போஷ் சொத்துகள் எதிரி நாட்டுச் சொத்தாகப் பறிபோயின. ஃபோர்டு மாடல் டி மட்டும் 1919 வரை ஹேண்டிலை விடவில்லை. ஃபோர்டின் மனைவி கிளாராவோ டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் காரில் போய்வந்துகொண்டிருந்தார். ஹேண்டில் வேண்டாம், புகை வேண்டாம் என்பவர்களுக்கு அன்று மின்சாரக் கார்தான் கதி. செல்ஃப் வந்ததும் ஹேண்டில் வேண்டாம் என்ற சாதகம் போயிற்று. மின்சாரக் காரை வீழ்த்திய காரணங்களில் ஒன்று, பெட்ரோல் காருக்குள் புகுந்த ஒரு மின்மோட்டார்.

இனி பழுதுபார்ப்பவரின் பெட்டி. 1920களின் பிரிட்டிஷ் தபால் துறையில் டொனால்ட் மெக்கேடி என்ற பொறியாளர் தந்திக் கம்பிகளைச் சரிபார்க்க ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று மூன்று கருவிகளைச் சுமந்து அலுத்துப்போனார். மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தார். 1923-இல் ஏவோமீட்டர் என்று விற்பனைக்கு வந்தது. இன்று ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சட்டைப்பையிலிருந்து எடுக்கும் மஞ்சள் மல்டிமீட்டர் அதன் பேரன்.

கருவி வளர்ந்தது போலவே பழுதுக்கான இடங்களும் வளர்ந்தன. 1931-இல் கிரைஸ்லர் கம்பெனி பிளிமத் காரில் இன்ஜினை ரப்பர் மேல் உட்கார வைத்தது. அதிர்வு குறைந்தது, பிரான்ஸின் சிட்ரோயன் உரிமம் வாங்கிக்கொண்டது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பேட்டரியின் ஒரு முனை காரின் பாடியில்தான் மாட்டியிருக்கும், செல்ஃபோ இன்ஜினில் இருக்கிறது. ஆகவே இரண்டையும் இணைக்கத் தட்டையாகப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று தேவைப்பட்டது: எர்த் கம்பி. இன்ஜின் வேலை பார்த்துவிட்டு மாட்டும்போது இதை மறந்துவிட்டால் வேடிக்கை பார்க்கலாம். 200 ஆம்பியரும் வேறு வழியில்லாமல் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ கிளட்ச் கேபிள் வழியாகவோ திரும்பிப் போக முயலும். கேபிள் சூடாகிப் புகையும். 'கிளட்ச் கேபிள் அடிக்கடி இறுகிப்போகுது' என்று வரும் பழைய வண்டிக்கு எர்த் கம்பியைப் பார்க்கும் மெக்கானிக் கெட்டிக்காரர்.

1949-இல் அதே கிரைஸ்லர் சாவியிலேயே ஸ்டார்ட்டையும் வைத்தது. அதற்கு முன் காலால் ஒரு பட்டனை மிதித்தாலோ ஒரு குமிழை இழுத்தாலோ தடித்த சுவிட்ச் நேரடியாக மூடும். சாவி அவ்வளவு மின்சாரத்தைத் தாங்காது. சாவி ஒரு சின்னக் கம்பிக்குச் சொல்ல, அது சோலனாய்டுக்குச் சொல்ல, சோலனாய்டு பெரிய சுவிட்சை மூட என்று நடுவில் ஆள்கள் கூடிக்கொண்டே போனார்கள். கியரில் இருக்கும்போது கிளம்பக்கூடாது என்று கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் நியூட்ரலுக்கு ஒன்று. வண்டி கம்மென்று கிடந்தால் பெரும்பாலும் இவர்களில் ஒருவர் சேதியை அடுத்தவருக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

இந்தியாவில் அம்பாஸடர் வைத்திருந்தவர்கள் இரண்டு காலத்திலும் ஒரே நேரத்தில் வாழ்ந்தார்கள். செல்ஃபும் உண்டு, டிக்கியில் ஹேண்டிலும் உண்டு. செல்ஃப் சாமான்கள் வெகுகாலம் பர்மிங்ஹாமின் ஜோசஃப் லூகாஸ் கம்பெனியிலிருந்து வந்தன. 'இருளின் இளவரசன்' என்று பிரிட்டிஷ் கார் பிரியர்கள் கேலி செய்யும் அதே லூகாஸ். 1961-இல் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் கூட்டுச் சேர்ந்து சென்னைப் பாடியில் தொழிற்சாலை போட்டன. டேட்டன் கொட்டகையில் பிறந்த சாமான் சென்னைக்காரர்கள் கையால் உருவாகத் தொடங்கியது. ஒரு காலத்தில் கண்டக்டர் "லூகாஸ் இறங்கு" என்று கத்தினால் பாதி பஸ் காலியாகும்.

ஹேண்டில் மறுபடி கைகொடுத்த ஊரும் உண்டு. இலங்கையின் யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். அங்கே மிஞ்சியிருந்த பழைய ஆஸ்டின், மொறிஸ் கார்களை சில துளி பெற்றோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கார்களின் மூக்கில் ஹேண்டில் துளை இருந்தது. புதிய கார்கள் பற்றரிக்கு ஏங்கிக் கிடந்தபோது, 1950களின் பிரிட்டிஷ் வண்டிகள் அந்தத் துளையால் பிழைத்தன.

இப்போது வண்டியருகே போவோம், மெக்கானிக் வந்துவிட்டார். முதலில் பானெட்டைத் தூக்கி பேட்டரி டெர்மினலைப் பிடித்து ஆட்டுகிறார். ஆடினால் பாதிக் கதை முடிந்தது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், "டேய் தம்பி, டீக்கடைல வெந்நி வாங்கியாடா." வெந்நீர் ஊற்றியதும் பூத்தது கரைந்து ஓடும். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுகிறார். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் வந்தால் பேட்டரி வயிறார இருக்கிறது. 12.2 என்றால் அரை வயிறு. ஆனால் சும்மா இருக்கும்போது எடுத்த அளவை அவர் நம்புவதில்லை. "சார், இப்ப திருப்புங்க." செல்ஃபுக்குச் சுமை விழும் அந்தக் கணத்தில் ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரி வெறும் வேஷம். ஹெட்லைட் சோதனையும் இதேதான், மீட்டர் இல்லாமல். வெளிச்சம் மஞ்சளாகச் சுருங்கினால் மின்சாரம் போகிறது, போதவில்லை. பளிச்சென்று அப்படியே நின்றால் மின்சாரம் செல்ஃபுக்குப் போகவேயில்லை, சாவி, கம்பி, சுவிட்ச் பக்கம் தேட வேண்டும்.

'டக டக டக' ஏன் வருகிறது என்று கேட்டால் ஸ்டர்ஜனைத்தான் கூப்பிட வேண்டும். சோலனாய்டு இழுக்கிறது, பெரிய சுவிட்ச் மூடுகிறது. மூடியதும் செல்ஃப் ஒரேயடியாக உறிஞ்ச, சோனி பேட்டரி சரிகிறது, சோலனாய்டுக்குப் பிடிக்கத் தெம்பில்லை, விடுகிறது. விட்டதும் பேட்டரி மூச்சு வாங்கி நிமிர, மறுபடி இழுக்கிறது. ஒரே 'டொக்' என்றால் சோலனாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது. உள்ளே செம்புத் தொடுமுனை கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரைத் தொடாமல் நிற்கலாம். மெக்கானிக் வண்டிக்கு அடியில் புகுந்து, "திருப்பிப் புடிங்க சார்" என்று சொல்லி ஸ்பேனர் பிடியால் செல்ஃபின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவார். ஒட்டிக்கொண்டிருந்த பிரஷ் நழுவி உட்காரும், வண்டி எடுத்துவிடும். ஸ்பேனருக்குக் கைராசி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், பிரஷ் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.

'ங்ர்ர்ர்' என்றால் பெண்டிக்ஸ் பக்கம். திருகுமரையில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பசையாகிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெட்ரோலில் கழுவி உலர்த்தி மாட்ட வேண்டும். அங்கே கிரீஸ் வைப்பவர் புதிய ஆள். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: நான்கு சிலிண்டர் இன்ஜினை அணைத்தால் அது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும், எதிரெதிர்ப் பக்கத்தில். அதனால் ரிங் கியர் பற்களும் அந்த இரண்டு இடத்தில்தான் தேயும். வண்டியை டாப் கியரில் போட்டு ஓரடி முன்னே தள்ளிவிட்டுத் திருப்பினால் உடனே எடுக்கும். காரணம் தெரியாதவர்களுக்கு அது மந்திரம் மாதிரி இருக்கும். பழைய ஆள்கள் ரிங் கியரைச் சூடாக்கிக் கழற்றி, சற்றே திருப்பிப் போட்டு இன்னும் பல வருடம் ஓட்டுவார்கள்.

சில நேரம் குற்றவாளி செல்ஃபே இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் அடித்தளப் பார்க்கிங்கில் மூழ்கிய கார்களில் பல, தண்ணீர் வடிந்த பிறகு உரிமையாளர் ஆசையாகச் சாவியைத் திருப்பிய கணத்தில்தான் செத்தன. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. சுற்ற முயன்றால் கனெக்டிங் ராட் வளையும். 'டொக்' என்று முட்டி நின்றுவிட்டால் அதோடு விட்டுவிட்டு, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இன்சூரன்ஸ்காரர்கள் 'நீங்களே திருப்பினீர்களா?' என்று கேட்டதும், இன்ஜினுக்குத் தனிக் காப்பு என்ற சொல் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்ததும் அப்போதுதான்.

கார் திருட்டுக்குப் பயந்து ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. சாவிக்குள் இருக்கும் சில்லுவை வண்டி அடையாளம் கண்டால்தான் ஒத்துழைக்கும். சில வண்டிகளில் செல்ஃபே அசையாது. டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மினுக்கிக்கொண்டிருந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு சாவியைத் தேட வேண்டும்.

டவ்சிங்கை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? 2015-இல் மாருதி சியாஸ் காரில் ஸ்மார்ட் ஹைப்ரிட் என்று பெருமையாக வந்ததில், ஒரே இயந்திரம் இன்ஜினைக் கிளப்பும், வேகமெடுக்கும்போது கைகொடுக்கும், மற்ற நேரம் பேட்டரியை ஏற்றும். 1896-இல் கென்ட் மாவட்டத்தில் நடந்தது, 1912-இல் கேடிலாக்கில் பாதி நடந்தது, மூன்றாம் முறை விளம்பரத்தோடு வந்திருக்கிறது. சிக்னலில் நின்றதும் அணைந்து, கிளட்சை மிதித்ததும் எடுக்கும் இந்த வண்டிகளில் செல்ஃப் ஒரே நாளில் பலமுறை உழைக்கிறது. சாதாரண பேட்டரியை மாட்டினால் சீக்கிரமே படுத்துவிடும் என்பதால், கடைக்காரர் விலை கூடிய பேட்டரியைச் சொன்னால் ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மின்சாரக் காரில் கிளப்ப இன்ஜினே இல்லை, ஆகவே தொல்லை ஒழிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி நிரம்பி வழிந்தாலும், அதை மோட்டாரோடு இணைக்கும் பெரிய சுவிட்சை மூடுவதற்கு ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியை நம்பியிருக்கும் மின்சாரக் கார்கள்தான் அதிகம். பலவற்றில் அது இன்னும் ப்ளான்டேயின் ஈய-அமில பேட்டரிதான். அது இறங்கிவிட்டால் வண்டி கம்மென்று கிடக்கும், ஆப்பில் நூறு சதவீதம் சார்ஜ் என்று காட்டியிருந்தாலும்கூட. அப்போது பக்கத்து வீட்டு பெட்ரோல் காரை அருகில் நிறுத்தி, ஜம்பர் கேபிள் போட்டு எழுப்புகிறார்கள். எந்த முனையில் மாட்டுவது என்பதை மட்டும் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.